படி இல்லாத ஏடு



யாழ்ப்பாணத்தின் பழைய வரலாற்றைக் கூறும் நூல்களுள் முதன்மையாக எண்ணப்படுவது யாழ்ப்பாண வைபவமாலை. ஒல்லாந்தர் ஆட்சி நடைபெற்ற 18ஆம் நூற்றாண்டிலே மாதகல் மயில்வாகனப் புலவர் அதனை இயற்றினார். அவருக்கு ஆதாரமாயிருந்தவை கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்னும் நான்கு நூல்களாம். இந்நான்கனுள் முதலிரண்டும் இன்று நம் கையில் உள்ளன. பின்னிரண்டும் இல்லை. அவற்றுக்குப் பெயர் உண்டு, பொருள் இல்லை. அரச முறையைக் கூறியதென்று பெயராலே ஊகிக்கத்தக்க ஒரு நூல், அரசர் பெயர் தாங்கிய ஓர் உலா, இரண்டும் நம் வரலாற்றிலிருந்து நீங்கிவிட்டன. நான்கும் ஒரே மண்ணில், ஒரே வகைப் பனையோலையில் வாழ்ந்தவை. இரண்டு தப்பியதும் இரண்டு அழிந்ததும் எதனால்? தப்பியவற்றை யாரோ ஒருவர் உரிய காலத்தில் பெயர்த்தெழுதி வைத்தார். மற்றையவற்றை எழுத எவரும் முன்வரவில்லை. அல்லது எழுதிய படியும் மூலமும் ஒரே இடத்தில் இருந்து ஒருங்கே அழிந்தன. வேறு விளக்கம் தேட வேண்டுவதில்லை.

இன்று நம் பாடசாலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தம் கணக்குகளையும் இடாப்புகளையும் கணினியிலுள்ள தரவுத்தளங்களில் எழுதி வருகின்றன. அவற்றுக்கு எவ்வகைப் படி எடுப்பது, எத்துணைக் காலத்துக்கு ஒருமுறை எடுப்பது, எங்கே வைப்பது என்னும் வினாக்கள் புதியவை போலத் தோன்றும். ஆயின், இவை நம் முன்னோர் பன்முறை எதிர்நோக்கிய வினாக்களே. அவர் கண்ட விடைகளையும், சில வேளைகளில் விடை காணாது நாம் அடைந்த இழப்புகளையும் வரிசையாக நோக்குவோம்.

ஓலை நெடுங்காலம் வாழும் பொருளன்று. பதப்படுத்தி, மஞ்சளும் எண்ணெயும் தடவி, நல்ல சட்டமிட்டுக் கட்டி வைத்தாலும், கறையானும் இராமபாணப் பூச்சியும் ஈரக்காற்றும் அதனை மெல்ல மெல்ல அரித்துவிடும். சில தலைமுறைக்குள் ஏடு ஓரம் முறியும். பின்னர் நடு ஒடியும். இதனை நன்கறிந்த முன்னோர், ஏட்டைப் பாதுகாப்பது வேறு, ஏட்டிலுள்ள நூலைப் பாதுகாப்பது வேறு எனத் தெளிந்திருந்தனர். ஏடு நலிவதற்கு முன்னரே அதனைப் புதிய ஓலையிற் பெயர்த்து எழுதினர். எழுதியதோடு நின்றாரல்லர். ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றொருவர் படியைப் பார்த்து ஒப்புநோக்கினர். எழுத்தாணி பிடித்தவர் ஒரு வரியைத் தாண்டியிருக்கலாம்; ஓர் எழுத்தை வேறோர் எழுத்தாக மயங்கியிருக்கலாம். ஒப்புநோக்காத படியைக் கற்றோர் நம்புவதில்லை. படி உண்டென்பது ஒன்று, அப்படியை வாசிக்க முடியும் என்பது மற்றொன்று. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வோமாக; பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். அவர் வணிகர், கணக்கில் வல்லவர். குடிகளையும் காணிகளையும் தோம்புகளில் எழுதினர். நம் நாட்டில் இன்றும் பழைய காணி வழக்குகளில் தோம்பு என்னும் சொல் ஒலிக்கக் கேட்கிறோம். அவருடைய கிழக்கிந்தியக் கும்பனி தன் கடிதங்களையும் அறிக்கைகளையும் ஒன்றுக்கு மேற்பட்ட படிகளாக எழுதுவித்து, வெவ்வேறு கப்பல்களில் அனுப்பும் வழக்கத்தைக் கொண்டிருந்தது. ஒரு கப்பல் புயலில் அமிழ்ந்தாலும் மற்றையது கரை சேரும் என்பது அவர் கணக்கு. கொழும்பிலிருந்து சென்ற எழுத்துகள் பத்தாவியாவுக்கும் ஒல்லாந்து தேசத்துக்கும் போயின. இவ்வாறு சேர்ந்த கும்பனி ஆவணங்கள் இன்று ஹேக், ஜகார்த்தா, சென்னை, கேப் டவுன், கொழும்பு ஆகிய இடங்களில் பரந்து கிடக்கின்றன. 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. நம் ஊரைப் பற்றிய செய்தியை நாடி நம் ஆராய்ச்சியாளர் ஐரோப்பாவுக்குப் போக நேர்வது வருந்தத்தக்கதே. ஆயினும், தொலைவில் ஒரு படி இருந்தமையாலேதான் போய்ப் பார்க்கவேனும் முடிகிறது.

19ஆம் நூற்றாண்டில் அச்சு வந்தது. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலையை நிறுவினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஊரூராகத் தேடி ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1881இல் வீரசோழியத்தையும் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகார உரையையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். அச்சின் பெருமை அழகிய எழுத்தில் மாத்திரம் இல்லை. ஏட்டில் ஒன்றோ இரண்டோ இருந்த நூல், அச்சில் நூறாகவும் ஆயிரமாகவும் பெருகி, ஒருவரையொருவர் அறியாத பல வீடுகளிற் போய்ச் சேர்ந்தது. ஒரு வீடு எரிந்தால் அந்த வீட்டுப் படி மட்டுமே அழியும். நூல் அழியாது.

நம்மவர் வாழ்விலே நாள்தோறும் பயன்படும் ஒரு முறையையும் இங்கே கூறவேண்டும். காணி உறுதி எழுதப்படும்போது மூலவுறுதி உரிமையாளரிடம் கொடுக்கப்படுகிறது. இரண்டாம் பிரதி அடுத்த மாதத்தில் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகிறது. மூன்றாவதாகிய மூலப்படிவம் நொத்தாரிசின் பெட்டியிலேயே இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் இம்முறையை வகுத்துரைக்கிறது. மூன்று பிரதி, மூன்று கை, மூன்று கூரை. ஒருவர் திருத்தினால் மற்றையவை காட்டிக்கொடுக்கும். ஒன்று அழிந்தால் மற்றையவை எழுந்து நிற்கும். கணினித் துறையினர் இன்று கற்பிக்கும் விதியும் இதுவே: மூன்று பிரதி வேண்டும், அவை இரண்டு வகைப் பொருள்களில் இருக்கவேண்டும், ஒன்றேனும் வேறிடத்தில் இருக்கவேண்டும் என்பர். நம் பாட்டன்மார் கணினியைக் காணாமலே இதனைக் கைக்கொண்டிருந்தனர்.

ஆயின், இம்முறையிலும் ஒரு குறை உண்டு. உரிமையாளர் யாழ்ப்பாணத்தவர், நொத்தாரிசும் யாழ்ப்பாணத்தவர், பதிவகமும் யாழ்ப்பாணத்திலேயே. ஒரு வீட்டுத் தீ மூன்றையும் தீண்டாது. ஒரு போர் மூன்றையும் தீண்டும். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓர் இரவிலே புறப்பட்டபோது, உறுதிப் பையைக் கையில் எடுத்தவர் சிலர்; எடுக்க நேரமில்லாதவர் பலர். பிறப்பு இறப்புப் பதிவுகளில் ஒரு பிரதி கொழும்பிலும் வைக்கப்பட்டிருந்தமையால், மாவட்டத்திலே சான்றிதழ் பெற இயலாதவர்க்கு ஒரு வழி எஞ்சியிருந்தது. எத்தனை பிரதி என்பது பாதிக் கேள்வி. ஒரே இடுக்கணில் எத்தனை பிரதி ஒருங்கே அழியும் என்பதே மறுபாதி.

இனி, நம் உள்ளத்தில் ஆறாத வடுவாக உள்ள நிகழ்ச்சிக்கு வருவோம். 1959ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே புதிய கட்டடத்தில் திறக்கப்பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981 மே 31ஆம் நாள் இரவும் அதனையடுத்தும் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அதனைச் செய்தவரின் பழி செய்தவரையே சாரும். படி எடுக்காதவரை அதற்குப் பொறுப்பாக்குதல் நீதியன்று. ஆயினும், வரலாறு கற்போர் மற்றொன்றையும் நோக்கவேண்டும். அழிந்தவற்றுள் எவை மீண்டன, எவை மீளவில்லை? அச்சில் வெளிவந்த நூல்கள் வேறு நூலகங்களிலும் வீடுகளிலும் இருந்தன; தேடிப் பெற முடிந்தது. வைபவமாலையே அச்சேறிப் பரவியிருந்தது. 1879இலேயே அதனை ஆங்கிலத்திற் பிறித்தோ மொழிபெயர்த்து வெளியிட்டிருந்தார். ஆகவே அந்நூலின் பொருள் தப்பியது. ஒரேயொரு படியாக இருந்த ஏடுகளும் கையெழுத்துகளும் திரும்பவில்லை. கட்டடம் மீண்டும் எழுந்தது. அலுமாரிகள் நிரம்பின. அந்த ஏடுகள் மட்டும் பரராசசேகரன் உலாவோடு போய்ச் சேர்ந்தன.

நிற்க. கணினியில் உள்ள தரவுத்தளம் நூலைப் போன்றதன்று. நூல் எழுதி முடிந்தது. ஒருமுறை படி எடுத்தாற் போதும். தரவுத்தளமோ கடைக்காரரின் கணக்கைப் போல நாழிகைக்கு நாழிகை மாறுவது. நேற்று எடுத்த படியில் இன்றைய கொடுக்கல் வாங்கல் இராது. எனவே எவ்வாறு படி எடுப்பது என்பதிலே தெரிவு பிறக்கிறது. வழிகள் மூன்று எனலாம்.

முதலாவது, முழுவதையும் ஒவ்வொரு முறையும் பெயர்த்து வைப்பது. இஃது எளிது, மீட்பதும் எளிது. ஆனால் தரவு பெருகப் பெருக நேரமும் இடமும் மிகுதியாகச் செலவாகும். இரண்டாவது, வாரத்துக்கு ஒருமுறை முழுப்படி எடுத்து, இடைநாள்களில் மாறியவற்றை மாத்திரம் எடுப்பது. இதிலும் இரு வகை உண்டு. முந்திய நாளுக்குப் பின் மாறியதை மட்டும் எடுக்கலாம். அல்லது கடைசி முழுப்படிக்குப் பின் மாறிய அனைத்தையும் எடுக்கலாம். ஞாயிறு முழுப்படி எடுத்தோம். வெள்ளிக்கிழமை பகலில் கணினி கெட்டது எனக் கொள்வோம். முதல் வகையில் ஞாயிற்றுப் படியோடு திங்கள் முதல் வியாழன் வரையான நான்கு துண்டுகளும் வேண்டும். இடையில் ஒன்று பழுதானால் அதன் பின்னுள்ளவை உதவா. இரண்டாம் வகையில் ஞாயிற்றுப் படியும் வியாழன் துண்டும் ஆகிய இரண்டே போதும். ஆயின் அத்துண்டு நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போகும். முன்னது எடுக்கும்போது சிக்கனம். பின்னது மீட்கும்போது சிக்கனம்.

மூன்றாவது வழியை வணிகர் எளிதில் விளங்கிக்கொள்வர். கடையிலே கொடுக்கல் வாங்கல் நடந்தவுடன் நாளேட்டிற் குறிப்பர். பின்னரே பேரேட்டில் ஏற்றுவர். பேரேடு தொலைந்தாலும், ஆண்டுத் தொடக்கத்து இருப்பும் நாளேடும் இருந்தாற் பேரேட்டை மறுபடி எழுதிவிடலாம். வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் பயன்படுத்தும் தரவுத்தளங்களும் இவ்வாறே ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதிக்கொள்கின்றன. அக்குறிப்பேட்டையும் உடனுக்குடன் வேறிடத்துக்கு அனுப்பி வந்தால், பழைய முழுப்படியின் மேல் அதனை வரிவரியாக ஓட்டி, கேடு நேர்ந்த கணத்துக்கு முந்திய கணம் வரை மீட்கலாம்.

இவற்றுள் எதைத் தெரிவது? இரண்டு கேள்விகள் விடை தரும். எவ்வளவு நேரத்துத் தரவை இழந்தால் தாங்குவோம் என்பது முதற் கேள்வி. எவ்வளவு நேரம் வேலை நின்றால் தாங்குவோம் என்பது இரண்டாவது. பாடசாலை நூலகத்தின் பட்டியல் ஒருநாள் பின்தங்கினால் யாரும் அழமாட்டார். ஒரு வாரம் கழித்து மீட்டாலும் குற்றமில்லை. வைப்புப் பணம் வாங்கும் சங்கம் ஒரு மணி நேரத்துப் பதிவை இழந்தாலும் வாசலிலே வழக்கு வந்து நிற்கும். மருத்துவமனையில் நோயாளியின் குருதி வகையும் ஒவ்வாத மருந்தும் இரவு இரண்டு மணிக்கும் தெரிந்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே முறை என்பார் ஒன்றுக்கு வீண்செலவும் மற்றொன்றுக்கு ஆபத்தும் விளைவிப்பார்.

ஈண்டு ஒரு மயக்கத்தைத் தீர்த்தல் வேண்டும். சில நிறுவனங்கள் இரண்டு கணினிகளை வைத்து, ஒன்றில் எழுதுவது அக்கணமே மற்றொன்றிலும் எழுதப்படுமாறு செய்கின்றன. ஓர் இயந்திரம் பழுதானால் மற்றையது தொடர்வதற்கு இது நன்று. ஆயினும் இது கண்ணாடி நிழல் போன்றது. தவறுதலாக ஒரு பட்டியலை அழித்தால் நிழலும் அதனை அழித்துவிடும். பழைய நிலையைக் காட்டவல்ல தனிப் படியாக இஃது ஆகாது.

நம் நாட்டிலேயே இதற்கு அண்மைச் சான்று உண்டு. 2023 ஓகஸ்ட் 26ஆம் நாளளவில் இலங்கை அரசின் முகில் கணினிச் சேவை, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் கொடியோரின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். சேவையைச் சில மணி நேரத்துள் மீண்டும் இயக்கிவிட்டனர். ஆயின், மே 17 முதல் அந்நாள் வரையான மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் மீளவில்லை. மூலத்தோடு தொடுத்து வைத்திருந்த படியையும் தாக்கியோர் பூட்டிவிட்டனர். தொடர்பறுத்துத் தனியே வைத்த படி அக்காலத்துக்கு இல்லை. வீட்டுச் சாவியும் பெட்டகச் சாவியும் ஒரே வளையத்தில் இருந்தாற் போன்றது அது.

செல்வமும் தொழில்நுட்பமும் மிக்க நாடுகளுக்கும் இது நேர்கிறது. தென் கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் 2025 செப்டெம்பர் 26ஆம் நாள் மின்கலங்களிலிருந்து தீ எழுந்தது. அரச ஊழியர் தம் பணிக் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைற் அளவான களஞ்சியம் எரிந்தது. அதற்கு வெளியிடத்திற் படி இல்லை. மிகப் பெரிதாயிருந்தமையால் எடுக்க இயலவில்லை என்றனர். பெரிதாயிருப்பதே படி எடுக்காமைக்குக் காரணமாயிற்று. நம் நூலகத்தை நினைந்தோர்க்கு இச்செய்தி நெஞ்சைச் சுடும்.

முன்னர்க் கூறிய ஒப்புநோக்குதலுக்கு இப்பொழுது வருவோம். 2017 சனவரி 31இல் கிட்லாப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறான கணினியில் தரவுத்தளக் கோப்புகளை அழித்துவிட்டார். பலவகைப் படிகள் ஒழுங்காக எடுக்கப்படுகின்றன என அந்நிறுவனம் நம்பியிருந்தது. தேடிப் பார்த்தபோது அவற்றுட் பெரும்பாலானவை உதவவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்து வைத்த படியே கைகொடுத்தது. இடையிலான ஆறு மணி நேரத்துத் தரவு போயிற்று. அந்நிறுவனம் நடந்ததை மறைக்காது உலகறியக் கூறியமை பாராட்டத்தக்கது. வாசித்துப் பார்க்காத படி, படியன்று. அது நம்பிக்கை மாத்திரமே.

இனி, நம் தீபகற்பத்தில் உள்ள ஒரு நடுத்தர நிறுவனம், ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் எனக் கொள்வோம், யாது செய்யலாம்? வாரம் ஒருமுறை முழுப்படி எடுக்கட்டும். ஒவ்வொரு மாலையும் அம்முழுப்படிக்குப் பின் மாறியதனைத்தையும் எடுக்கட்டும். பணக் கணக்குக்கு மாத்திரம் குறிப்பேட்டையும் தொடர்ந்து அனுப்பட்டும். ஒரு படி அலுவலகத்தில் இருக்கலாம். ஒன்று கணினியினின்று கழற்றிப் பூட்டி வைக்கப்படவேண்டும். மற்றொன்று ஆனையிறவுக்கு அப்பால், கொழும்பிலோ கடல்கடந்தோ இருக்கவேண்டும். வெளியே செல்லும் படி பிறர் வாசிக்க முடியாதவாறு மறையெழுத்தாக்கப்படல் வேண்டும். அம்மறையின் திறவுகோல் இருவரிடத்தேனும் இருக்கவேண்டும். ஆண்டுக்கு இருமுறை, வேறொரு கணினியில் அப்படியை மீட்டு, கணக்கு மீதி ஒத்துவருகிறதா எனப் பார்க்கவேண்டும். இவற்றுக்குப் பொறுப்பானவரின் பெயரும் அவர் இல்லாதபோது செய்பவரின் பெயரும் எழுத்தில் இருக்கவேண்டும்.

பாடசாலை அதிபராகப் பணியாற்றும் எனக்கு, சேர்விடாப்பு என்னும் தடித்த புத்தகம் எத்துணைப் பெறுமதியுடையதென்பது தெரியும். இடம்பெயர்ந்து வேற்றூரிலும் வேற்று நாட்டிலும் வாழ்வோர், தாம் இன்ன ஆண்டில் இன்ன வகுப்பிற் படித்தோம் என்பதற்கு அதனையே நாடி வருகின்றனர். பல பாடசாலைகளில் அது ஒரே படிதான். அதனை ஒளிப்படமாக்கி வேறிடத்தில் வைப்பதற்கு ஒரு விடுமுறைக் காலமும் சில இளைஞரின் உழைப்பும் போதும். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் பதிந்து, உலகில் எவரும் வாசிக்கத் தந்திருக்கிறது. அதனைத் தொடங்கியோர் பெரும் செல்வரல்லர். ஒருமுறை எரிந்ததை நினைவில் வைத்திருந்தவர்கள்.

இராசமுறையை இழந்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. ஏடு நலிவதைக் கண்டும், நாளை எழுதலாம் என்று அவர் வைத்திருக்கக்கூடும். அந்த நாளை வரவில்லை. நம் கையிலுள்ள இடாப்புகளுக்கும் கணக்குகளுக்கும் இவ்வாரத்திலேயே ஒரு படி எடுத்து, அதனைத் திறந்து வாசித்துப் பார்த்து, ஊருக்கு வெளியே ஓரிடத்திற் சேர்ப்பித்தல் நம்மால் இயலும்.